'மாடர்ஸ் பாத்துப்பாங்க'



இந்த வார எபிசோட்ல ஸ்டார்ஃபீல்ட் பத்திப் பேசும்போது ஒரு வாக்கியம் நாலு தடவையாவது வந்து போச்சு, கவனிச்சிருப்பீங்க: "பக் இருந்தா என்ன, மாடர்ஸ் பாத்துப்பாங்க." பெரிய ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி ஒண்ணு வரும்போதெல்லாம், முக்கியமா அது பெதஸ்டா கேமா இருந்தா, இந்த வாக்கியமும் கூடவே வந்துடும். வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு நண்பர்கள் சொல்ற ஆறுதல் அது.

யார் அந்த மாடர்ஸ்? அவங்க ஏன் பாத்துக்கணும்? பாத்துக்கறதுன்னா நிஜத்துல என்ன வேலை? எபிசோட்ல இதை விளக்க நேரம் பத்தல. அதோட ஃபைல், ஐடி, வெர்ஷன் நம்பர் இதெல்லாம் காதால கேட்டா மண்டையில நிக்காது. அதனால இந்த வாரம் எழுத்துல, கொஞ்சம் நீளமா. ஸ்கைரிம்ல நூறு மாட் போட்டு ஓட்டுறவங்க முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனா போட்ட மாட் ஏன் சண்டை போடுதுன்னு தெரியாமலே ஓட்டுறவங்கதான் நம்மில் அதிகம்னு நினைக்கிறேன்.

ஒரு இரும்பு வாளோட கதை

2002ல மாரோவிண்ட் வந்தப்ப, பிசி பதிப்போட சேர்த்து 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்'னு ஒரு சாஃப்ட்வேரையும் பெதஸ்டா கொடுத்தது. வெளியாட்களுக்காகத் தனியா செஞ்ச பொம்மை இல்லை அது. ஸ்டூடியோல இருக்கிற டிசைனர்கள் ஊரைக் கட்டவும், ஆட்களை நடமாட விடவும், குவெஸ்ட் எழுதவும் பயன்படுத்துற கருவியோட ஒரு பதிப்பு. ஹோட்டல்காரர் சாப்பாட்டோட சேர்த்து சமையல்கட்டு சாவியையும் கொடுத்தா எப்படி இருக்கும்? அப்படி. ஓப்ளிவியன், ஃபால்அவுட் 3, ஸ்கைரிம், ஃபால்அவுட் 4, ஸ்டார்ஃபீல்ட்னு அடுத்தடுத்த கேம்களுக்கும் இந்தச் சாவி வந்தது. ஸ்கைரிம்லேர்ந்து அதுக்குப் பேரு 'கிரியேஷன் கிட்'.

கருவி மட்டும் போதாது. கேம் எப்படிக் கட்டப்பட்டிருக்குங்கிறதும் முக்கியம். பெதஸ்டா கேம்ல எஞ்சின் தனி, உள்ளடக்கம் தனி. உலகத்துல இருக்கிற ஒவ்வொரு வாள், ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு காவலாளி, ஒவ்வொரு வசனமும் ஒரு பெரிய டேட்டாபேஸ்ல ஒரு வரி மாதிரி. அதை 'ரெக்கார்ட்'னு சொல்வாங்க. ஸ்கைரிம்ல இரும்பு வாள்னு ஒரு ரெக்கார்ட் இருக்கு: தாக்கம் 7, எடை 9, விலை 25. மாட்ங்கிறது பெரும்பாலும் 'பிளகின்'னு ஒரு சின்ன ஃபைல். "இந்த ரெக்கார்டை எடுத்துட்டு இதை வை"ன்னு அது எஞ்சினுக்குச் சொல்லும். ஒரிஜினல் ஃபைலை அது தொடறதே இல்லை. பிளகினை எடுத்துட்டா பழைய வாள் திரும்ப வந்துடும்.

இப்ப ரெண்டு மாட் போடறீங்கன்னு வைங்க. முதல் மாட் இரும்பு வாளோட தாக்கத்தை 12 ஆக்குது. ரெண்டாவது மாட் கடைக்காரங்க விலையை எல்லாம் மாத்துது. அதுல இரும்பு வாள் விலை 60. ரெண்டையும் போட்டா தாக்கம் 12, விலை 60னு ஒரு வாள் கிடைக்கணும்னுதானே நினைப்பீங்க? கிடைக்காது. எஞ்சின் ரெக்கார்டுகளைக் கலக்காது. கடைசியா லோட் ஆன பிளகின் சொல்ற முழு ரெக்கார்டும் அப்படியே நிக்கும். ரெண்டாவது மாட் கடைசியா வந்தா விலை 60, தாக்கம் பழைய 7. முதல் மாட் வேலை செய்யலைன்னு நீங்க அதோட பக்கத்துல போய் கோவமா கமெண்ட் போடுவீங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்லை.

லோட் ஆர்டர்னு எல்லாரும் தலையைப் பிச்சுக்கறது இதுக்குத்தான். ரெண்டு மாட்டையும் சமாதானம் பண்ண மூணாவதா ஒரு சின்ன பிளகின் எழுதி, அதுல தாக்கம் 12, விலை 60னு வச்சுக் கடைசியில விடணும். அதுதான் 'கம்பாட்டிபிளிட்டி பேட்ச்'. ஒரு வாளுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. 300 மாட் போட்ட ஸ்கைரிம்ல இப்படி ஆயிரக்கணக்கான மோதல் இருக்கும். அதுல முக்கியமானதைத் தேடிப் பிடிச்சு பேட்ச் எழுதி இலவசமா போடுறதுக்குன்னே சில பேர் இருக்காங்க. புது வாள், புது ஊர்னு கண்ணுக்குத் தெரியற எதையும் அவங்க செஞ்சிருக்க மாட்டாங்க. எனக்கு இந்த உலகத்துல ரொம்பப் பிடிச்ச ஆட்கள் அவங்கதான்.

எத்தனை பிளகின் போடலாம்? ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் எட்டு இலக்கத்துல ஹெக்ஸாடெசிமல் ஐடி ஒண்ணு உண்டு. முதல் ரெண்டு இலக்கம் அது எந்த ஃபைல்லேர்ந்து வந்ததுன்னு சொல்லும். ரெண்டு இலக்கத்துல மொத்தமே 256 எண்தான் அடங்கும். அதுல கடைசி எண்ணை, விளையாடும்போது புதுசா உருவாகுற பொருட்களுக்குன்னு எஞ்சின் எடுத்துக்குது. ஸ்கைரிமோட ஃபைல்களுக்கே சிலது போயிடும். மிச்சம் இருக்கறதுதான் உங்களுக்கு. பிறகு 'லைட் பிளகின்'னு ஒரு வகை வந்து, ஒரே எண்ணுக்குள்ள 4,096 சின்ன பிளகின்களை அடக்க வழி பண்ணாங்க. இன்னிக்கு ஆயிரம் மாட் லிஸ்ட் எல்லாம் ஓடறது அதனாலதான்.

எஞ்சினுக்குள்ள கை விடுறவங்க

பிளகினால முடியாத வேலை நிறைய இருக்கு. கிரியேஷன் கிட் கொடுக்கிற சாவி சில அறைகளைத்தான் திறக்கும். எஞ்சினோட உள் வேலையை மாத்தணும்னா கதவை உடைச்சுத்தான் ஆகணும். ஸ்கைரிம்ல அந்த வேலையைச் செய்யறது எஸ்.கே.எஸ்.இ., அதாவது ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். கேம் ஓட ஆரம்பிக்கும்போது அதோட மெமரிக்குள்ள புகுந்து, குறிப்பிட்ட ஃபங்ஷன் எந்த முகவரியில இருக்கோ அங்க போய்த் தன்னோட கோடைச் செருகும். ஓப்ளிவியனுக்கு ஓ.பி.எஸ்.இ., ஃபால்அவுட் 4க்கு எஃப்.4.எஸ்.இ.ன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி.

இதுல ஒரு ஆபத்து உண்டு. பெதஸ்டா கேமை அப்டேட் பண்ணி புது எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் வெளியிட்டா அந்த முகவரிகள் எல்லாம் இடம் மாறிடும். தெருவுல வீட்டு நம்பரை எல்லாம் ராத்திரியோட ராத்திரியா மாத்தி எழுதிட்டா தபால்காரர் கதி என்ன? எஸ்.கே.எஸ்.இ.யை நம்பி இருக்கிற எல்லா மாட்டும் அந்த நிமிஷம் நின்னு போயிடும்.

2021 நவம்பர் 11ல, ஸ்கைரிமோட பத்தாவது பிறந்தநாளுக்கு ஆனிவர்சரி எடிஷன் வந்தப்ப இதுதான் நடந்தது. அந்தத் தடவை எக்ஸிக்யூட்டபிளை வேற கம்பைலர் பதிப்புல கட்டியிருந்தாங்க. வழக்கமான சின்ன மாற்றம் இல்லை, அஸ்திவாரமே நகர்ந்த மாதிரி. எஸ்.கே.எஸ்.இ.க்குன்னு மாட் எழுதிட்டு வேற வாழ்க்கைக்குப் போயிட்டவங்க நிறைய பேர். அவங்க திரும்ப வந்து கம்பைல் பண்ணாத்தான் உண்டு. சிலர் வந்தாங்க, சிலர் வரல. இன்னிக்கும் பழைய வெர்ஷன்லேயே உக்காந்திருக்கிற ஒரு கூட்டம் இருக்கு.

அதைவிடக் கொடுமை 2024 ஏப்ரல்ல. ஃபால்அவுட் லண்டன்னு ஒரு பிரம்மாண்ட மாட். ஃபால்அவுட் 4ஐ எடுத்து, முழு லண்டன் நகரத்தையும் கட்டி, புதுக் கதை, புது நடிகர் குரல்னு ஒரு தனி கேமே செஞ்சிருந்தாங்க ஒரு தன்னார்வக் குழு. வெளியீட்டுத் தேதி ஏப்ரல் 23. அந்த மாசம்தான் ஃபால்அவுட் டிவி தொடர் வந்து உலகமே திரும்ப ஃபால்அவுட் விளையாடிட்டு இருந்தது. பெதஸ்டா ஃபால்அவுட் 4க்கு ஒரு பெரிய அப்டேட் அறிவிச்சது, தேதி ஏப்ரல் 25. வெளியிட்ட ரெண்டாவது நாள் மாட் உடைஞ்சு போகும்னா என்ன பண்றது? தள்ளி வச்சாங்க. ஜூலை 25ல, ஜி.ஓ.ஜி. தளம் வழியா வெளியாச்சு. ஸ்டீம்ல கேம் வச்சிருந்தவங்க புது அப்டேட்டை நீக்கிப் பழைய பதிப்புக்கு இறங்கித்தான் விளையாட முடிஞ்சது.

பெதஸ்டா வேணும்னே செஞ்சதுன்னு நான் சொல்லல. அவங்க கேம், அவங்க அப்டேட். மாட் போடாத பெருங்கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு அந்த அப்டேட் வேணும். ஆனா வருஷக்கணக்கா உழைச்ச ஒரு குழு தன்னோட தேதியைக்கூடத் தானே முடிவு பண்ண முடியாத இடத்துல இருக்குங்கிறதை இது காட்டுது. வாடகை வீட்டுல மாடி கட்டற மாதிரி.

எதிர்பார்ப்பு எங்க கோணலாச்சு

இந்த அளவுக்கு வேலை இருக்குன்னு தெரிஞ்ச பிறகு 'மாடர்ஸ் பாத்துப்பாங்க'வைத் திரும்பப் படிங்க.

ஸ்கைரிமுக்கு 'அன்அஃபிஷியல் பேட்ச்'னு ஒண்ணு உண்டு. புது வாள், புது டிராகன் எதுவும் கிடையாது. முடியாம நிக்கிற குவெஸ்ட், தப்பா வச்ச பாறை, வேலை செய்யாத திறமைன்னு கேம்ல இருக்கிற பிழைகளை மட்டும் திருத்துற மாட். கேம் 2011ல வந்தது. 2016ல ஸ்பெஷல் எடிஷன், 2021ல ஆனிவர்சரி எடிஷன்னு திரும்பத் திரும்ப வித்தாங்க. ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த பேட்ச் தேவைப்பட்டது. தன்னார்வலர்கள் கண்டுபிடிச்சு, எப்படித் திருத்தணும்னு செஞ்சும் காட்டின பிழைகள்ல பல, காசு கொடுத்து வாங்குற புதுப் பதிப்பிலும் அப்படியே இருந்தது.

இதை சைபர்பங்க் 2077ஓட ஒப்பிட்டுப் பாருங்க. 2020 டிசம்பர் 10ல அது வந்த நிலைமை ஞாபகம் இருக்கும். சோனி தன்னோட கடைலேர்ந்தே தூக்கிட்டு காசைத் திருப்பிக் கொடுத்தது. அப்ப யாரும் "மாடர்ஸ் பாத்துப்பாங்க"ன்னு சொல்லல. சிடி ப்ராஜெக்ட் ரெட் கம்பெனியைப் பிடிச்சு உலுக்கினாங்க. கம்பெனியும் கிட்டத்தட்ட மூணு வருஷம் உக்காந்து சரி பண்ணி 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட் கொடுத்தது. அந்த கேமுக்கும் நல்ல மாடர்ஸ் உண்டு. ஆனா கடமை யாரோடதுங்கிறதுல விளையாடறவங்களுக்குக் குழப்பம் இல்லை.

பெதஸ்டா விஷயத்துல ஏன் குழப்பம்? கருவியைக் கொடுத்த கம்பெனிங்கிறதாலதான்னு நினைக்கிறேன். தாராளமா இருந்ததே அவங்களுக்கு ஒரு கேடயமாவும் ஆயிடுச்சு. ஸ்டார்ஃபீல்ட் 2023 செப்டம்பர் 6ல வந்தப்ப பிசி பதிப்புல பார்வைக் கோணத்தை மாத்துற ஸ்லைடர் கிடையாது. ஏஎம்டி கூட கூட்டு வச்சிருந்தாங்க, என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் கிடையாது. சரக்குப் பட்டியல் திரை பிசிக்கு ஏத்த மாதிரி இல்லை. இது எல்லாத்துக்கும் கிரியேஷன் கிட் வர்றதுக்கு மாசக்கணக்கு முன்னாடியே, சிலதுக்கு ஒண்ணு ரெண்டு நாள்லயே, மாட் வந்துடுச்சு. ஸ்லைடரும் டிஎல்எஸ்எஸ்ஸும் அதிகாரப்பூர்வமா அக்டோபர், நவம்பர் மாசங்கள்ல வந்தது. அதுவரைக்கும் அந்த ஓட்டையை அடைச்சு வச்சது சம்பளம் வாங்காத ஆட்கள்.

அதே சமயம் மாடர்ஸால சரி பண்ண முடியாததும் உண்டு. ஸ்டார்ஃபீல்ட்ல ஆயிரத்துக்கும் மேல கிரகங்கள். இறங்கிப் பாத்தா பலது வெறிச்சோடிக் கிடக்கு, ஒரே மாதிரி கட்டடம் திரும்பத் திரும்ப வருது. ஸ்கைரிம்ல ஒரு மலைச்சரிவுல நடந்தா பத்தடிக்கு ஒரு கதை கிடைக்கும். அந்த அடர்த்தி இருந்ததாலதான் மாடர்ஸ் அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் சேர்த்தாங்க. அஸ்திவாரமே பிடிக்கலைன்னா அவங்களும் அங்க வந்து வீடு கட்ட மாட்டாங்க. மாட் செய்யறவங்க முதல்ல அந்த கேமை விரும்பின ரசிகர்கள். இதை மறந்துட்டுத்தான் "கேம் எப்படி இருந்தாலும் மாட் வரும்"னு கணக்குப் போடறோம்.

காசு

2015 ஏப்ரல் 23ல வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து ஸ்டீம்ல ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விக்க வழி திறந்தாங்க. பங்கு எப்படின்னா, மாடருக்கு 25 சதவீதம், வால்வுக்கு 30, பெதஸ்டாவுக்கு 45. 4 டாலர் மாட் வித்தா செஞ்சவருக்கு 1 டாலர், ஸ்டீமுக்கு 1.20, பெதஸ்டாவுக்கு 1.80. நாலு நாள்தான் ஓடினது. ஏப்ரல் 27ல மூடி, வாங்கினவங்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தாங்க.

பெரும்பாலான பேர் ஞாபகம் வச்சிருக்கிறது "இலவசமா இருந்ததுக்குக் காசு கேட்டாங்க, நாங்க விடல"ன்னு. கேமர்ஸ் ஜெயிச்ச கதை மாதிரி. எனக்கு அதைவிட முக்கியமாப் படறது வேற ஒண்ணு. முதல் நாளே விற்பனைக்கு வந்த மீன்பிடி மாட் ஒண்ணு சீக்கிரமே விலக்கிக்கொள்ளப்பட்டது. காரணம், அது இன்னொருத்தர் இலவசமா கொடுத்த அனிமேஷன் கருவியை நம்பி இருந்தது. அந்த இன்னொருத்தர் தன் உழைப்பு காசுக்கு விக்கற பொருளுக்குள்ள போறதுக்குச் சம்மதிக்கல. இன்னொரு பக்கம், ஸ்கைரிமோட மெனுவை மாத்துற ஸ்கையுஐ மாட்டோட அடுத்த பதிப்பு காசுக்கு வரப்போகுதுன்னு செய்தி. நூத்துக்கணக்கான மத்த மாட்கள் தங்களோட செட்டிங் பக்கத்துக்கு ஸ்கையுஐயைத்தான் நம்பி இருந்தது.

அதாவது, இந்த உலகத்துல எந்த மாட்டும் தனியா நிக்கல. ஒண்ணு இன்னொண்ணு மேல சாஞ்சு நிக்குது. பதிமூணு வருஷமா "நான் உன்னோடதை எடுத்துக்கறேன், நீ என்னோடதை எடுத்துக்கோ, பேரை மட்டும் போடு"ங்கிற பழக்கத்துல ஓடின இடம். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து சமைக்கும்போது, வெங்காயம் உரிச்ச அத்தைக்கு மணிக்கு இவ்வளவுன்னு யாராவது ரேட் பேசினா எப்படி இருக்கும்? அத்தைக்குக் காசு கொடுக்கறது தப்பில்லை. ஆனா அப்புறம் தேங்காய் துருவின மாமாவுக்கு என்ன, அடுப்பு ஊதின சித்திக்கு என்னன்னு கணக்கு போகும். மண்டபக்காரர் 45 சதவீதம் எடுத்துக்கிட்டா இன்னும் மோசம்.

மாடருக்குக் காசு கூடாதுன்னு சொல்றவங்க கூட எனக்கு உடன்பாடு இல்லை. 2013ல பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தர் ஃபால்ஸ்கார்னு ஸ்கைரிமுக்கு ஒரு புது நிலப்பரப்பையே செஞ்சார். சுமார் 2,000 மணி நேர உழைப்பு. கேம் ஸ்டூடியோல வேலை கிடைக்கணும்னு செஞ்சது. வேலையும் கிடைச்சது, பங்கி ஸ்டூடியோல. 2015ல வந்த 'தி ஃபர்காட்டன் சிட்டி' மாட் அடுத்த வருஷம் ஆஸ்திரேலிய எழுத்தாளர் கில்ட் விருது வாங்கினது. செஞ்சவர் வக்கீல் வேலையை விட்டுட்டு வந்து அதையே தனி கேமா மாத்தி 2021 ஜூலைல வெளியிட்டார். ரெண்டும் அருமையான கதைகள். ஆனா இவங்க ரெண்டு பேரும் காசு பாத்தது மாடிங்கை விட்டு வெளியே போன பிறகுதான். உள்ளேயே இருந்து அந்த அன்அஃபிஷியல் பேட்சைப் பராமரிக்கிறவருக்கு இந்தக் கதையில இடம் எங்க?

பெதஸ்டா விடல. 2017ல கிரியேஷன் கிளப். இந்தத் தடவை ஆட்களைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே காசு கொடுத்து, சோதிச்சு வெளியிட்டாங்க. 2023 டிசம்பர்ல அதை 'கிரியேஷன்ஸ்'னு மாத்தி, காசு மாட்டும் இலவச மாட்டும் ஒரே கடையில. 2024 ஜூன்ல ஸ்டார்ஃபீல்டுக்கும் வந்தது. அதோட பெதஸ்டாவே செஞ்ச ஒரு ஒற்றைக் குவெஸ்டை 700 கிரெடிட், ஏறக்குறைய 7 டாலர், விலை வச்சு வித்ததும் பெரிய சத்தம் வந்தது. 2006ல ஓப்ளிவியனுக்குக் குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு வித்து வாங்கிக் கட்டிக்கிட்ட அதே கம்பெனி. (அந்தக் குதிரைக் கவசம் இன்னிக்கும் கேமிங் உலகத்துல ஒரு பழமொழி மாதிரி. பிறக்காத குழந்தைக்குக்கூட அந்த ஜோக் தெரியும்.)

என்னோட கருத்து இதுதான். காசு வாங்குறது பிரச்சினை இல்லை, காசு வாங்கின பிறகு பொறுப்பு யாருக்குங்கிறதுதான் பிரச்சினை. இலவச மாட் அடுத்த அப்டேட்ல உடைஞ்சா "அவர் சும்மா கொடுத்தார், பரவாயில்லை"ன்னு சொல்லலாம். 5 டாலர் கொடுத்த மாட் உடைஞ்சா? மாடர் வேலை மாறிட்டார், குழந்தை பிறந்திருக்கு, ஆர்வம் போயிடுச்சு. உடைச்சது பெதஸ்டாவோட அப்டேட். பங்கு எடுத்துக்கிட்டதும் பெதஸ்டா. அப்ப சரி பண்றதும் அவங்க பொறுப்பா இருக்கணும். அப்படி ஒரு உறுதி விலைப்பட்டியல் பக்கத்துலயே எழுதி இருந்தா நான் சந்தோஷமா வாங்குவேன்.

யாரோட மாட்?

இதுல இன்னொரு பக்கமும் உண்டு. நெக்ஸஸ் மாட்ஸ்தான் இந்த உலகத்தோட பெரிய கிடங்கு. 2001ல ஒரு ரசிகர் தளமா ஆரம்பிச்சது. 2021 ஜூலைல அவங்க ஒரு முடிவு எடுத்தாங்க: ஒரு தடவை ஏத்தின ஃபைலை இனிமே மாடரே நினைச்சாலும் முழுசா அழிக்க முடியாது, பொதுப் பார்வையிலேர்ந்து எடுத்துக் காப்பகத்துல வைக்கலாம், அவ்வளவுதான். காரணம், 'கலெக்ஷன்ஸ்'னு நூத்துக்கணக்கான மாட்களை ஒரே கிளிக்ல இறக்குற வசதி வரப்போகுது. நடுவுல ஒரு ஃபைல் காணாம போனா முழு லிஸ்டும் விழுந்துடும். பிடிக்காதவங்க ஒரு மாசத்துக்குள்ள தங்களோட எல்லா மாட்டையும் நீக்கச் சொல்லலாம்னு அவகாசம் கொடுத்தாங்க. பல வருஷம் இருந்த சிலர் கிளம்பியும் போனாங்க.

விளையாடுறவங்க பெரும்பாலும் நெக்ஸஸ் பக்கம். எனக்கு அந்த வசதி புரியுது. நானும் அந்த ஒரே கிளிக்கைத்தான் அழுத்துறேன். ஆனா சம்பளம் கொடுக்காத இடத்துல, "உன்னோடதை நீ எடுத்துக்கலாம்"ங்கிறது மட்டும்தான் அந்த மாடர் கையில இருந்த ஒரே அதிகாரம். அதையும் வாங்கிட்டா அவர் கையில என்ன மிச்சம்? நெக்ஸஸ் 2018லேர்ந்து டொனேஷன் பாயிண்ட்னு டவுன்லோடுக்கு ஏத்த மாதிரி ஒரு சின்னத் தொகை கொடுக்குது, அது நல்ல விஷயம். அதையும் இதையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

கன்சோல்ல இன்னும் மோசமா நடந்தது. 2016ல ஃபால்அவுட் 4 மாட்கள் எக்ஸ்பாக்ஸ்ல வந்தப்ப, பிசி மாடர்ஸோட வேலையை யார் யாரோ எடுத்து அவங்க அனுமதி இல்லாம ஏத்தினாங்க. "எங்களுக்கும் வேணும், நீ போடல, அதனால நாங்க போட்டோம்"ங்கிறதுதான் நியாயம். எதிர்பார்ப்பு உரிமையா மாறுற இடம் அது.

சரி, நீங்க விளையாடப் போறீங்கன்னா

ஸ்டீம்ல கேமோட அப்டேட் செட்டிங்கை 'லாஞ்ச் பண்ணும்போது மட்டும்'னு மாத்திட்டு, எஸ்.கே.எஸ்.இ. லோடர் வழியாவே கேமைத் திறங்க. உங்களுக்குத் தெரியாம அப்டேட் வந்து விழாது. மாட் ஆர்கனைசர் 2 பயன்படுத்துங்க. அது மாட் ஃபைல்களை கேம் ஃபோல்டருக்குள்ள கொட்டாம, கேம் ஓடும்போது மட்டும் இருக்கிற மாதிரி காட்டும். தப்பானா எடுத்துடறது சுலபம். நடு ஆட்டத்துல ஸ்கிரிப்ட் உள்ள மாட்டை எடுக்காதீங்க. அதோட மிச்சம் உங்க சேவ் ஃபைலுக்குள்ள உக்காந்துக்கும்.

மாட் வேலை செய்யலைன்னா, கமெண்ட்ல "வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதாதீங்க. கேம் வெர்ஷன், எஸ்.கே.எஸ்.இ. வெர்ஷன், லோட் ஆர்டர், கிராஷ் லாக், எந்த இடத்துல நின்னுதுன்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்த மாட் மட்டும் போட்டு ஒரு புது கேம் ஆரம்பிச்சுப் பாருங்க. இரும்பு வாள் கதைதான் பெரும்பாலும் அங்க இருக்கும், உங்க லிஸ்ட்ல இருக்கிற வேற ஏதோ ஒரு பிளகின் கடைசியா வந்து நிக்கும்.

உங்க ஸ்கைரிம் லோட் ஆர்டரை இந்த மின்னஞ்சலுக்கே பதிலா அனுப்புங்க. அதிகமா மோதல் இருக்கிற ஒண்ணை எடுத்து, எது எதை மிதிக்குதுன்னு அடுத்த எபிசோட்ல பிரிச்சுப் பாக்கலாம்.